கோட்டுக்குள்ளேயே ஏறும் எடை

"பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான் டாக்டர், பசிக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுங்க." ஒல்லியான ஐந்து வயதுப் பிள்ளையோடு வரும் அம்மா இப்படிக் கேட்டால் நம்மில் பலர் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தில்லி ஆய்வைப் படித்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

1969–72இல் தெற்கு தில்லியின் லஜ்பத் நகர் வட்டாரத்தில், 12 சதுர கிலோமீட்டருக்குள் பிறந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பிறந்தது முதல் பதின்வயது வரை அளந்துவந்தார்கள். அவர்களில் 1,492 பேரை 26–32 வயதில் தேடிப்பிடித்து, குளுக்கோஸ் கொடுத்து ரத்தம் பரிசோதித்தார்கள். பார்கவா, சச்தேவ் குழுவினரின் கட்டுரை 2004இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. 4.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 10.8 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. இவர்கள் பெரும்பாலும் இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள். பிறகு பிஎம்ஐ சீக்கிரமே மேல்நோக்கித் திரும்பி, பெரியவர்களாகும் வரை விறுவிறுவென ஏறியிருக்கிறது. ஆனாலும் சர்வதேச வரையறைப்படி 12 வயதில் இவர்களில் ஒருவர்கூடப் பருமனாக இல்லை!

இதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தையின் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிடக் கூடாது. அதே குழுவினர் அடுத்த ஆண்டு எழுதியது இன்னும் முக்கியம்: முதல் இரண்டு ஆண்டுகளில் கூடும் எடை பெரும்பாலும் தசையாகிறது, பிந்தைய பிள்ளைப்பருவத்தில் கூடுவதுதான் கொழுப்பாகத் தங்குகிறது. ஆறு மாதக் குழந்தை மெலிந்தால் கவலைப்படுவோம். ஆறு வயதுப் பிள்ளை திடீரென 'தேறிவந்தால்' அதற்கும் கவலைப்பட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஐந்து வயதையொட்டிய தடுப்பூசிகள் முடிந்ததும் பிள்ளைகள் காய்ச்சலுக்குத்தான் வருகிறார்கள். மருந்தளவுக்காக எடை பார்க்கிறோம், உயரம் அளப்பதில்லை. பிஎம்ஐ திரும்பும் வயதும் ஏறத்தாழ அதுதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டையில், பெரியவர்களின் 23, 27 பிஎம்ஐக்கு இணையான கோடுகள் இருக்கின்றன. நல்ல அட்டைதான். ஆனால் புள்ளி அந்தக் கோட்டைத் தொட்டால்தான் பேசுவோம் என்றிருப்பது தாமதம். கோட்டுக்குக் கீழேயே ஒரு சென்டைல் வளைவிலிருந்து அடுத்ததற்குப் புள்ளி தாவினாலே பெற்றோரிடம் பேச்சைத் தொடங்கிவிடலாம்: பிஸ்கட், பாட்டில் ஜூஸ், டியூஷன் தின்ற விளையாட்டு நேரம், வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று. உயரம் அளக்க ஒரு நிமிடம் போதும். காய்ச்சலோடு வந்த பிள்ளையையும் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிறுத்துங்கள்.