சட்டக்கல்லூரி ‘ரேங்க்’ ஏறுது, இறங்குது! வடசென்னைக்கு என்ன லாபம்?

காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயங்கால நேரம். ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார்.

‘‘சார், என் பொண்ணு பிளஸ்–2 பாஸ் பண்ணிட்டா. வக்கீலுக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எதிர் வீட்டுத் தம்பி செல்லுல ஒரு லிஸ்ட்டைக் காட்டுறான். ‘இந்தக் காலேஜ் போன வருசம் மேலே இருந்துச்சு, இந்த வருசம் கீழே வந்துடுச்சு, சேர்க்காதீங்க’ன்றான். ஒரே வருசத்துல ஒரு காலேஜ் கெட்டுப்பூடுமா சார்?’’

நல்ல கேள்வி! படித்தவர்கள் கூட கேட்கத் தவறும் கேள்வி.

பதில் என்ன? கெடாது அண்ணே! ஒரே வருடத்தில் கல்லூரி கெடுவதும் இல்லை, தேறுவதும் இல்லை. மாறுவது பெரும்பாலும் கணக்குதான்.

யார் போடும் கணக்கு?

கல்லூரிகளை வரிசைப்படுத்த மத்திய அரசு 2015–ல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. ‘என்.ஐ.ஆர்.எப்.’ என்பது அதன் சுருக்கப் பெயர். முதல் பட்டியல் 2016–ல் வந்தது. சட்டக்கல்லூரிகளுக்கு 2018–ல் இருந்துதான் தனிப்பட்டியல்.

மொத்தம் 100 மார்க். ஆசிரியர்கள் எண்ணிக்கை, நூலகம், வசதிகளுக்குச் செய்யும் செலவு போன்றவற்றுக்கு 30. ஆராய்ச்சிக் கட்டுரைகள் வகைக்கு 30. படித்து வெளியே போனவர்கள் நிலைமைக்கு 20. பெண்கள், ஏழைகள், வெளி மாநிலத்தவர் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதற்கு 10. ‘ஊர் என்ன சொல்கிறது’ என்று வேலை கொடுப்போரையும் பேராசிரியர்களையும் கேட்டுப் போடுவது 10.

பெங்களூர் தேசிய சட்டப்பள்ளி 2018–ல் இருந்து 2025 வரை ஒவ்வொரு ஆண்டும் முதலிடம். உச்சாணிக் கொம்பில் இருப்பவர்கள் லேசில் அசைவதில்லை. ஆட்டம் எல்லாம் நடுவிலும் கீழேயும்தான்!

எடைக்கல் மாறினால் எடை மாறும்

காசிமேட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது இல்லை. மீன் அதே மீன்தான். எடைக்கல்லை மாற்றினால் எடை மாறும். கூடையில் ஐஸ் சேர்ந்தால் கனம் கூடும்.

2018–ல் சட்டப்பட்டியலில் 10 இடங்கள்தான் வெளியிடப்பட்டன. 2024–ல் 40 ஆகிவிட்டது. புதிதாகப் பத்து பேர் கியூவில் நுழைந்தால், நின்ற இடத்திலேயே நின்றவன் கூட பின்னால் போய்விடுவான். அவன் மேல் என்ன தப்பு?

பட்டியலின் நடுவில் இருக்கும் கல்லூரிகளுக்குள் மார்க் வித்தியாசம் ரொம்பக் குறைவு. அரை மார்க், ஒரு மார்க் குறைந்தால் நாலைந்து படி சறுக்கும். பேப்பரில் பார்த்தால் பெரிய வீழ்ச்சி! வகுப்பறையில் போய்ப் பார்த்தால் அதே வாத்தியார், அதே பாடம்.

இன்னொன்று முக்கியம். பெரும்பாலான விவரங்களை அந்தந்தக் கல்லூரியே எழுதிக் கொடுக்கிறது. ‘இதைச் சரியாகச் சோதிப்பது இல்லை’ என்று பொதுநல வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. பிறகு 2025 செப்டம்பரில்தான் பட்டியல் வந்தது. கோர்ட்டு வரை போன சமாச்சாரம் இது!

அமெரிக்காவிலும் இதே கூத்து

நம்ம ஊர் மட்டும்தானா என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பத்திரிகை பல வருடங்களாகச் சட்டக்கல்லூரி பட்டியல் போடுகிறது. 2011–ல் வில்லனோவா, இல்லினாய் என்ற இரண்டு சட்டக்கல்லூரிகள் மாட்டிக்கொண்டன. சேர்ந்த மாணவர்களின் மார்க்கைக் கூட்டி எழுதியது அம்பலமானது. வக்கீல்கள் சங்கம் இரண்டையும் கண்டித்தது.

2022 நவம்பரில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அந்தப் பட்டியலில் 30 வருடத்துக்கு மேல் முதலிடத்தில் இருந்த யேல் சட்டக்கல்லூரியே ‘எங்களுக்கு இந்தப் பட்டியல் வேண்டாம்’ என்று விலகியது. அதே நாளில் ஹார்வர்டும் விலகியது.

காரணம் என்ன தெரியுமா? ஏழைகளுக்காக வாதாடப் போகும் மாணவர்களை ஊக்கப்படுத்தினால், பட்டியலில் கல்லூரிக்குத்தான் நஷ்டம் என்று அவர்கள் சொன்னார்கள். பிறகு பத்திரிகை தன் கணக்கையே மாற்றியது. கணக்கு மாறியதும் பல கல்லூரிகளின் இடமும் மாறியது!

முதலிடத்தில் இருந்தவனே ‘தராசு சரியில்லை’ என்று சொன்னான். இதை நாம் மறக்கக் கூடாது.

பட்டியலில் வராத கிலோமீட்டர்

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

சென்னை சட்டக்கல்லூரி 1891–ல் தொடங்கப்பட்டது. ஐகோர்ட்டு பக்கத்திலேயே சிவப்புக் கட்டிடம். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஜனாதிபதியாக இருந்த ஆர்.வெங்கட்ராமன், சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதியாக இருந்த பி.சதாசிவம் எல்லாம் அங்கே படித்தவர்கள்தான். அவர்கள் சேர்ந்தபோது எந்த ரேங்க்கைப் பார்த்தார்கள்?

ராயபுரத்துப் பையன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாரிமுனை. காசு இல்லாவிட்டால் நடந்தே போகலாம். காலையில் வகுப்பு. மத்தியானம் ஐகோர்ட்டில் போய் நின்று பெரிய வக்கீல்கள் வாதாடுவதைக் கேட்கலாம். சாயங்காலம் தம்புச்செட்டி தெருவில் ஒரு சீனியரிடம் கட்டு தூக்கலாம். இந்தப் படிப்புக்குப் பீஸ் கிடையாது!

2018–ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து இடம் மாறியது. மாணவர்கள் போராடிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. ஒன்று திருவள்ளூரைத் தாண்டி பட்டரைப்பெரும்புதூர். இன்னொன்று தெற்கே புதுப்பாக்கம். பட்டரைப்பெரும்புதூர் சென்னையில் இருந்து சுமார் 50 கிலோ மீட்டர். திருவொற்றியூர் பெண் விடியற்காலையில் கிளம்பி, பஸ், ரெயில், மறுபடி பஸ் என்று மாறிப் போக வேண்டும். திரும்பி வருவதற்குள் சீனியர் ஆபீசைப் பூட்டிவிடுவார்.

புதுக் கட்டிடம் நன்றாகவே இருக்கட்டும். இடவசதி கூடியிருக்கலாம். ஆனால், கோர்ட்டு எத்தனை கிலோ மீட்டர் என்று கேட்க எந்தப் பட்டியலிலாவது ஒரு கட்டம் உண்டா? கிடையாது.

யாருக்காக வக்கீல்?

வடசென்னைக்கும் சட்டத்துக்கும் பழைய பந்தம். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்கள் சென்னை தொழிற்சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் கம்பெனி அந்தச் சங்கத் தலைவர் பி.பி.வாடியா மீது ஐகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. ‘சங்கம் வைத்ததே குற்றமா?’ என்ற குரல் எழுந்தது. 1926–ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நாடு முழுக்கத் தொழிலாளிக்குக் கிடைத்த அந்தக் கவசத்தில் நம்ம பெரம்பூர்க்காரர்கள் பட்ட அடியும் இருக்கிறது.

அது பழைய கதை என்றால், 2023 டிசம்பரைப் பாருங்கள். மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப் போனது. அதே மாதம் 26–ந்தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா குழாய் கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டையும் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது.

அங்கே கம்பெனிகளுக்குப் பெரிய வக்கீல்கள் வருவார்கள். வலை போடுகிறவனுக்கு யார் வருவார்? எண்ணூர் ஆற்றைத் தெரிந்தவன், மீனவர் பாஷை புரிந்தவன், பீஸ் பற்றி யோசிக்காமல் கட்டைத் தூக்குகிறவன் வர வேண்டும். அவன் நம்ம வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பான்.

பம்பாயில் கம்பெனி வக்கீலாகப் போய் லட்சத்தில் சம்பளம் வாங்கினால் கல்லூரிக்கு மார்க் ஏறும். திருவொற்றியூர் கோர்ட்டில் ஜூனியராக நின்று, வேலை போன தொழிலாளிக்குப் பாக்கிச் சம்பளம் வாங்கிக் கொடுத்தால் ஏறாது. இதுதான் நமக்கு உறுத்துகிறது.

அப்போ லிஸ்ட்டே வேண்டாமா?

அப்படியும் சொல்லவில்லை. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடப்பதைப் பட்டியல் வெளிச்சம் போட்டுக் காட்டும். பெரிய சட்டக் கம்பெனியில் வேலை தேடுகிறவர்களுக்கு ரேங்க் உதவும். அதற்கு நுழைவுத் தேர்வு எழுதி, வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட முடிந்தால் தாராளமாகப் போகட்டும்.

ஆனால் ஒன்று. எந்தக் கல்லூரியில் படித்தாலும் பார் கவுன்சில் வைக்கும் தகுதித் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். கறுப்புக் கோட்டும் ஒன்றுதான். வக்கீலாகப் பதிவு செய்ய சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் கேட்கக்கூடாது, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது எந்த ரேங்க்கையும் விடப் பெரிய சேதி!

அரசுக்கு நம் கோரிக்கையும் இதுதான். பட்டரைப்பெரும்புதூருக்குப் போகும் வடசென்னை மாணவர்களுக்காக நேரத்துக்கு பஸ் விடுங்கள். பாரிமுனையில் அவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க ஒரு நூலகம் கொடுங்கள். மாணவர்கள் எண்ணூர், திருவொற்றியூரில் இலவச சட்ட உதவி செய்தால் அதற்கும் மார்க் போடச் சொல்லி டெல்லியிடம் கேளுங்கள்.

டீக்கடை அண்ணனிடம் நாம் சொன்னது இதுதான்: ‘‘லிஸ்ட்டை மூடி வைங்க. ஒரு நாள் லீவு போட்டுட்டு பொண்ணோட நேரா காலேஜுக்குப் போங்க. பார் கவுன்சில் அனுமதி இருக்கான்னு முதல்ல கேளுங்க. தினமும் வாத்தியார் வர்றாரா, நூலகம் திறந்திருக்கா, பிள்ளைகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களா, எல்லாம் சேர்த்து பீஸ் எவ்வளவு, இதைப் படிக்கிற பிள்ளைங்ககிட்டயே விசாரிங்க.’’

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். ‘‘மீன் வாங்குறப்ப செவுளைத் தூக்கிப் பாக்குறோம். காலேஜையும் அப்படித்தான் பாக்கணும்ன்றீங்க!’’

சரியாகச் சொன்னீர்கள் அண்ணே!