மாரியில் மணற்காடு

இலங்கையின் வடமுனையான சக்கோட்டையில் நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடுகிறவர்கள், பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே இருக்கும் மணற்காட்டையும் நடந்து பார்க்க வேண்டும், அதுவும் மாரியில். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டுகிறது. வற்றாத ஆறு இல்லாத நமக்கு, சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறும் அந்த மழைதான் குடிநீர். மழை விட்ட கையோடு மணல்மேட்டில் ஏறினால் ஈரமணல் இறுகிக் காலைத் தாங்கும். குதிக்காலை அழுத்தினால் அடியில் காய்ந்த வெண்மணல் தெரியும். அந்த மணலைக் கட்டி வைத்திருப்பது, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் அடம்பன் கொடி. கூடாரம் அடிக்கவென்று அதை வழித்தெறிவதும், மேட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் பெருந்தவறு. கொடி போனால் மணலைக் காற்று அள்ளும். மேடு கரைந்தால் கடலுக்கும் ஊருக்கும் இடையே தடுப்பு இல்லை. 2004 ஆழிப்பேரலையில் உயிர்களைப் பறிகொடுத்த கரை இது. புயல் எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். ஊராரிடம் கேட்டு, மேட்டுக்கு உட்புறம் வெறுந்தரையில் தங்குங்கள். கொண்டுபோன பிளாஸ்ரிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். உள்ளூர்ச் சபை நடைபாதை ஒன்றைக் குறித்து, ஊர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தினால் மணலும் நிலைக்கும், அவர்களுக்கு வருமானமும் கிடைக்கும்.