பூ யாருக்கு?



தேற்றாத்தீவில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் 1990இல் கணவனை இழந்தவர். வளவில் கத்தரியும் மிளகாயும் நட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். ஒருநாள் கிணற்றடியில் செவ்வந்திக் கண்டு நான்கு வைத்தார். அயலவர் ஒருவர் கேட்டாராம்: "மிளகாய் வச்சாலும் கறிக்காகும். நீ ஆருக்குகா பூ வைக்கப் போறாய்?"

அக்கா பதில் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றினார்.

அண்மையில் ஓர் ஓவியத்தின் படத்தைப் பார்த்தபோது அந்தக் கிணற்றடிதான் என் நினைவுக்கு வந்தது. பிரான்ஸ் நாட்டு ஓவியர் குளோட் மொனே 1881இல் வரைந்த தோட்டம் அது. ஐந்தடி உயரமான ஓவியம். நடுவே ஒரு பாதை. இருபுறமும் ஆளை மறைக்கும் உயரத்துக்குச் சூரியகாந்திகள். பாதையில் ஒரு சின்னப் பையன் நிற்கிறான். பூக்களை இதழ் இதழாக வரையாமல், வெயிலில் கண்ணுக்குத் தெரியும் நிறங்களையே தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறார். மனப்பதிவுவாத ஓவியர்களின் முறை அது.

அந்தத் தோட்டத்தின் பின்னால் ஒரு கதை உண்டு. செய்ன் நதிக்கரையில் உள்ள வெத்தேய் என்னும் ஊருக்கு மொனே 1878இல் கடனோடு வந்தார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் மனைவி கமீய் நோயால் இறந்தார். அவருக்கு வயது 32. இளைய மகனுக்கு ஒன்றரை வயது. அந்தக் குளிர்காலத்தில் நதியே உறைந்துபோனது. அதே ஊரில், வாடகை வீட்டின் முன்னால்தான் இந்தச் சூரியகாந்திகள் பூத்தன. 1881 முடிவில் அவர்கள் அந்த வீட்டையும் விட்டுப் போனார்கள். ஓவியம் இப்போது வாஷிங்டனில், தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

சகோதரிகளே, சற்று யோசித்துப் பாருங்கள். மனைவியை இழந்த ஆணின் பூந்தோட்டத்தைப் பார்த்து உலகம் "எவ்வளவு அழகு" என்கிறது. கணவனை இழந்த பெண்ணின் நான்கு செவ்வந்தியைப் பார்த்து "ஆருக்கு?" என்று கேட்கிறது. தலையில் சூட வேண்டாம் என்றார்கள். கண்ணால் பார்க்கவும் கூடாதா?

பூக்கண்டு போனவரைத் திருப்பித் தராது. அரிசிக் காசும் தராது. ஆனால் விடியற்காலையில் தண்ணீர் அள்ளப் போகும்போது நமக்கென்று ஒன்று பூத்திருக்கும்.

அந்த அக்கா இப்போது காய்ந்த செவ்வந்திப் பூக்களை உதிர்த்து, விதையைக் கடதாசியில் சுற்றிக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார். முதலில் வந்து கேட்டவர் யார் தெரியுமா? அன்று "ஆருக்குகா" என்று கேட்ட அதே அயலவர்தான். அவரும் இப்போது தனித்தவர்.