ஒழுங்கற்ற புரதமா, உருவம் நிலையாப் புரதமா?

நிலைத்த முப்பரிமாண மடிப்பு இல்லாமல் கணந்தோறும் உருமாறும் புரதங்களை ‘ஒழுங்கற்ற புரதங்கள்’ என்று தமிழில் எழுதக் காண்கிறேன். இப்பெயர் தவறான எண்ணத்தை விதைக்கிறது என்பது என் கருத்து. ஒழுங்கே இல்லாத ஒன்றை நம் உடலின் எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், எவ்வாறு அடையாளம் காணும்?

மலேரியாவையே எடுத்துக்கொள்வோம். கொசுவின் உமிழ்நீர் வழியே உடலுக்குள் நுழையும் பால்சிபாரம் ஒட்டுண்ணியை ஒரு புரதம் போர்த்தியிருக்கிறது. அதன் நடுப்பகுதியில் அஸ்பராஜின், அலனைன், அஸ்பராஜின், புரோலின் என்னும் நான்கு அமினோ அமிலங்கள் ஏறத்தாழ 40 முறை அதே வரிசையில் மீண்டும் மீண்டும் வருகின்றன. தனித்திருக்கையில் இப்பகுதிக்கு நிலைத்த உருவம் கிடையாது. ஆயினும் ஒட்டுண்ணியைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் பல இதனையே பற்றுகின்றன. பற்றிய நிலையில் ஆராய்ந்தால், சங்கிலியில் சிறு சிறு திருப்பங்கள் தெளிவாகத் தெரிகின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பல எதிர்ப்பொருள்கள் அடுத்தடுத்து அமர்ந்தபோது அப்பகுதி சுருளாகவே வடிவெடுத்திருந்தது.

மொழியியல் பயின்றோரை ஈர்க்கும் செய்தி ஒன்று இதில் உண்டு. வரிசையாக எழுதும்போது அலகு புரோலினில் முடிகிறது. திருப்பம் அமைவதோ அஸ்பராஜின், புரோலின், அஸ்பராஜின், அலனைன் எனப் பிரிக்கும்போதுதான். எழுத்துகள் அவையே, பிரிக்கும் இடம் மட்டுமே வேறு. ‘வேங்கை’ என்னும் சொல் பிரியாது நின்றால் மரத்தையோ புலியையோ குறிக்கும். ‘வேம் கை’ எனப் பிரிந்தால் வேகின்ற கையைக் குறிக்கும். அதனால் வேங்கையை ஒழுங்கற்ற சொல் என எவரும் கூறவில்லை. பொதுமொழி என்றே நம் இலக்கணம் பெயரிட்டது. அது தரும் பொருள்கள் பலவாயினும் அவற்றுக்கு வரம்பு உண்டு.

புரதத்துக்கும் அத்தகைய வரம்பு உண்டு. எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் உருவாக்கி 1963இல் வெளியிட்ட வரைபடம் அதைக் காட்டியது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதை அது வரையறுத்தது. உருமாறும் புரதங்களும் இவ்வரம்புக்கு உட்பட்டவையே. வளைய அமைப்புடைய புரோலின் அவ்வரம்பை மேலும் இறுக்குகிறது.

சொல் எதுவாயினும் அறிவியல் மாறாதே என்பர் சிலர். அறிவியல் மாறாது, ஆனால் கற்பவர் எழுப்பும் கேள்வி மாறும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியும், 2023இல் பரிந்துரைத்த, புனேயில் தயாராகும் ஆர்21 தடுப்பூசியும் இந்த மீள்வரும் பகுதியைத் தாங்கியவையே. ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 இலட்சம் உயிர்களைப் பறிக்கும் நோய்க்கு எதிரான படைக்கலம் இது. இதனினும் வலிய தடுப்பூசியை வடிவமைக்க விரும்புவோர், எத்திருப்பத்தை எந்த எதிர்ப்பொருள் பற்றுகிறது என்றே கேட்டாக வேண்டும்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்வழி பயிலும் மாணவி, பூட்டும் சாவியும் என்னும் உவமையோடு உயிரியலுக்குள் நுழைகிறாள். ‘ஒழுங்கற்றது’ என்று கேட்டால், அங்கே பூட்டே இல்லை, ஆராய ஏதுமில்லை என்று கடந்துவிடுவாள். ‘உருவம் நிலையாப் புரதம்’ என்று கேட்டால், எப்போது, எதன் முன்னிலையில் உருவம் கொள்கிறது என வினவுவாள். அவ்வினாவுக்கு இடம் தரும் சொல்லே நமக்கு வேண்டும். இதனினும் பொருத்தமான சொல் தோன்றுவோர் எழுதுக.