புறவாசல் முருங்கை



ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவனுக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருள்வாக்கு. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற இந்த ஹதீஸை ஜும்ஆ மேடையில் நான் எத்தனை முறை எடுத்துரைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, என் வீட்டுப் புறவாசலில் நின்ற ஒரு மரம் என்னால் பட்டுப்போயிற்று. அதைப் பற்றியே இவ்வாரம் உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி வயல்களின் செழிப்பு நமது நாங்குநேரிப் பகுதிக்கு வாய்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குளத்தில் தேக்கி ஆண்டைக் கழிக்கும் ஊர்கள் இவை. 1958-ல் கட்டி முடிக்கப்பெற்ற மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீரையும் இப்பக்கத்துக் குளங்கள் எதிர்பார்த்தே கிடக்கின்றன. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புறப்படும் காற்றோ, எஞ்சிய ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போய்விடும். இத்தகைய மண்ணில் எங்கள் முருங்கை தழைத்து நின்றதற்குக் காரணம் ஒன்றே. என் தாயார் அதன் தூரில் அமர்ந்துதான் ஐவேளையும் ஒளூச் செய்வார்கள். வேறு எவரும் அதற்குத் தண்ணீர் ஊற்றி நான் கண்டதில்லை.

ஒளூச் செய்து வழிந்த நீருக்கு 'முஸ்தஃமல்' என்று பெயர். அது சுத்தமானதே, ஆயினும் மறுமுறை ஒளூவுக்கு ஆகாது. ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டும் கூறும் சட்டம் இது. நான் இதனைக் கிதாபில் ஓதியவன். ஆகாத அந்நீர் வேறு எதற்கு ஆகும் என்பதை உம்மா ஓதாமலே அறிந்திருந்தார்கள்.

அவர்கள் மறைந்தபின், பிள்ளைகள் அரபு நாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் புறவாசல் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டேன். குழாய் வந்தது, ஒளூவின் நீர் நேராகச் சாக்கடைக்குச் சென்றது. சகதி ஒழிந்ததென்று மகிழ்ந்தேன். இரண்டு கோடைக்குள் மரம் பட்டுப்போனது. முருங்கை விறகுக்குக்கூட உதவாது என்பதை அப்போதுதான் கண்டேன்.

மரம் போனது பெரிதன்று. அடுத்த தெருவில் கணவரை இழந்த ஒரு மாமி இருந்தார்கள். வாரம் இருமுறை புறவாசல் வழியாக வந்து, கீரை ஒடித்துக்கொண்டு, உம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். உம்மாவுக்குப் பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது. மரம் பட்டபின் அவர்கள் வரவில்லை. நோன்பு காலத்தில் அரிசியும் பணமும் கொடுத்தனுப்பினேன். "எனக்குக் குறையொன்றுமில்லை, வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீரை ஒடிப்பதில் அவர்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், கொடுப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. என் ஜகாத்துப் பணத்தால் செய்ய இயலாத ஒன்றை அம்மரம் செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் சிமெண்டிட்டு அடைத்தது மண்ணை மட்டுமன்று.

சகோதரர்களே! நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் ஒளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் உள்ளது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஒருநாள் குழாயின் கீழ் வாளியை வைத்து ஒளூச் செய்து பார்த்தேன். பாதி வாளி நிறைந்திருந்தது! பிறருக்குப் பயான் செய்பவனின் கணக்கு இது. வீடுதோறும் ஐவேளையும் ஓடுகின்ற இந்நீர் எங்கே போகிறது என்று எண்ணிப்பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய பெருமழையின்போதும், தளமிட்ட என் புறவாசல் ஒரு சொட்டையும் உள்ளே வாங்கவில்லை. வீடு கட்டுவோர் புறவாசலில் நான்கு முழ மண்ணையாவது விட்டுவையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளும், மினாராவுக்கு வண்ணம் பூசுமுன், ஹவ்ளின் நீர் வெளியேறும் வழியில் நான்கு தென்னையை நடலாகாதா?

சென்ற ஆண்டு தளத்தின் ஒரு மூலையை உடைத்து முருங்கைப் போத்து ஒன்றை ஊன்றினேன். ஆடிக்காற்றில் ஒருமுறை முறிந்தது. தூரிலிருந்து மீண்டும் தளிர்த்தது. மழைக்குக் கம்பளிப்பூச்சி வந்தபோது, பந்தம் கொளுத்திக் காட்டலாம் என்றான் பேரன். எறும்புப் புற்றை எரித்தவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை அவனுக்குச் சொல்லி, சோப்புக் கரைத்த நீரைத் தெளிக்கச் செய்தேன். இப்போது மரம் மதிலுக்கு மேல் வளர்ந்துவிட்டது. புறவாசல் கதவைப் பகலில் தாழிட வேண்டாமென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மாமி இன்னும் வரவில்லை.