டிராலி வேண்டாம், கூடை போதும்

சூப்பர் மார்க்கெட் வாசலில் வரிசை கட்டி நிற்கும் டிராலியை நான் தொடுவதில்லை. பக்கத்தில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கூடைதான் என் கட்சி. நம்மைத் தள்ளுவண்டிக்குப் பழக்கியவர் ஓக்லஹாமா சிட்டி மளிகைக்காரர் சில்வன் கோல்ட்மேன். கூடை கனத்ததும் வாடிக்கையாளர்கள் நேரே பில் போட வந்துவிடுவதைக் கவனித்து, 1937-இல் கூடைக்குச் சக்கரம் மாட்டினார். முதலில் ஒருவரும் சீந்தவில்லை. பிள்ளையை வைத்துத் தள்ளியதே போதும் என்றார்கள் பெண்கள். இதைத் தூக்கவா தெம்பில்லை என்றார்கள் ஆண்கள். சம்பளத்துக்கு ஆள் பிடித்துக் கடைக்குள் வண்டி தள்ளவிட்ட பிறகுதான் ஜனங்கள் பழகினார்களாம். கை வலிக்கிற வரைக்கும்தான் வாங்குவோம் என்பதை அவர் புரிந்துகொண்ட அளவுக்கு நாம் புரிந்துகொள்ளவில்லை.

இன்னொரு தடை அதற்கு முன்பே போய்விட்டது. 1916-இல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறக்கும்வரை அங்கேயும் அண்ணாச்சி கடை மாதிரிதான். மேடைக்கு இந்தப் பக்கம் நின்று லிஸ்டை நீட்டினால் கடைப் பையன் எடுத்துத் தருவான். சாண்டர்ஸ் மேடையை எடுத்துவிட்டு, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லா அலமாரியையும் கடந்தால்தான் கல்லாவுக்கு வர முடியும்படி வழியை வளைத்தார். மறு வருஷமே காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

அந்த மேடை நமக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியது! துவரம்பருப்பு அரைக் கிலோ, கடுகு நூறு, பெருங்காயம் ஒரு டப்பா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது தேன் தடவிய முந்திரி கேட்க நாக்கு எழும்பாது. அண்ணாச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. "புது அப்பளம் வந்திருக்கு, ஒரு கட்டுப் போடவா?" என்பார். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் போடுவார், வேண்டாம் என்று சொல்ல நமக்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

சமீபத்தில் பில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி. 872 ரூபாய் வந்தது. "சார், 999-க்கு எடுத்தீங்கன்னா சர்க்கரை ஒரு கிலோ ஒம்பது ரூபா" என்றது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். அம்மா ஐயாவைப் பார்த்தார், ஐயா ஓடினார். வரிசை மொத்தமும் காத்திருந்தது. மூச்சிரைக்க ஒரு ஹேண்ட்வாஷும் பிஸ்கட் டப்பாவுமாக வந்து சேர்ந்தார். 45 ரூபாய் சர்க்கரையில் 36 ரூபாய் லாபம் பார்க்க 127 ரூபாய்க்கு மேல் செலவு. கார்டைத் தேய்த்து முடித்த பிறகு அந்த அம்மா கேட்டார்: "நம்ம வீட்ல யாருங்க இப்ப சர்க்கரை சாப்பிடறோம்?"

மனசை அடக்கு என்று சொல்லும் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாலை ஏழு மணிக்கு, ஆபீஸ் விட்டு, பசியோடு கடைக்குள் நுழைகிறவனிடம் அடக்குவதற்கு என்ன மனசு மிச்சமிருக்கும்? அதனால்தான் கூடை. லிஸ்டும் சமையலறையில் டப்பாக்களைத் திறந்து பார்த்தே எழுதப்படுகிறது. பாக்கெட்டில் விலைக்குப் பக்கத்தில் கிராமுக்கு, மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட வேண்டும் என்பது இப்போது சட்டம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். பெரிசு வாங்கினால் லாபம் என்பது ஷாம்பு விஷயத்தில் பல சமயம் பொய். பாட்டிலை விட சாஷே மலிவு.

துணிக்கடையில்தான் என் வித்தை பலிப்பதில்லை. கல்யாணம் இல்லாத மாதத்தில் தேங்கும் சரக்கைத் தள்ள ஆடித் தள்ளுபடி என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் ரங்கநாதன் தெருவில் நசுங்குகிறோம். அங்கே மேடை இருக்கிறது, எடுத்துப் போட ஆளும் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் அந்தப் பெண் நமக்காக இருபது புடவையைப் பிரித்து உதறிப் போட்ட பிறகு, "பிடிக்கலைம்மா" என்று வெறுங்கையோடு எழுந்து வர மனசு வருகிறதா? வருகிறவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.