ஆடத் தெரியாத கணினியும் 64 ஜிபி கார்டும்

"கார்டு கெட்டுப்போச்சு சார், ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்" என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் கார்டில் ஒரு குறையும் இருக்காது. அதைச் செருகிய கணினிக்குத்தான் படிக்கத் தெரியாது.

32 ஜிபி வரையுள்ள எஸ்.டி.எச்.சி. கார்டுகள் ஃபேட்32 என்ற பழைய முறையில் கோப்புகளை அடுக்கி வைக்கும். அதற்கு மேல் 2 டெராபைட் வரை போகிறவை 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. ரகம். இவற்றுக்கு எக்ஸ்ஃபேட் என்ற முறையை விதித்தார்கள். அது மைக்ரோசாஃப்ட்டின் சொத்து. விஸ்டாவுக்கு அது 2008இல் முதல் சர்வீஸ் பேக்கில் வந்தது. எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் தனியாக ஒரு அப்டேட் போட வேண்டியிருந்தது. ஆப்பிள் 2010இல் சேர்த்தது. லினக்ஸ் கெர்னலுக்குள் அது நுழைந்தது 2019 நவம்பரில்தான். அதுவும் மைக்ரோசாஃப்ட் மனமிரங்கி விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு. அதுவரை விவரம் தெரிந்தவர்கள் தனியாக ஒரு நிரலைப் போட்டுச் சமாளித்தார்கள். பொதுத் தரம் என்று பெயர் வைத்துவிட்டுச் சாவியை ஒரு கம்பெனியிடம் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும்.

அதைக்கூட மன்னிக்கலாம். என்னால் மன்னிக்க முடியாதது அந்த அறிவிப்புப் பெட்டி. அப்டேட் போடாத எக்ஸ்பியில் 64 ஜிபி கார்டைச் செருகினால், "இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?" என்று கேட்கும். உள்ளே பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கும்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளோ கூடத்தையே இடித்துவிடட்டுமா என்று கேட்கிறாள்.

"பழைய கணினியை வைத்துக்கொண்டு குறை சொல்லலாமா?" என்பார்கள். தெரியாமல் இருப்பது குற்றமில்லை ஐயா. தெரியாததை இல்லை என்று சொல்வதுதான் குற்றம். எக்ஸ்ஃபேட் பகுதியின் முதல் செக்டாரிலேயே, நான்காவது பைட்டிலிருந்து, அதன் பெயர் ஆங்கில எழுத்தில் பச்சையாக எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஏதோ இருக்கிறது, எனக்குப் படிக்க வரவில்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆப்பிள் கணினி ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. விண்டோஸோ இன்றும் திருந்தவில்லை. ராஸ்பெர்ரி பையில் ஓடும் லினக்ஸ் கார்டை அதில் செருகிப் பாருங்கள், அதே கேள்வி வரும்.

வேக விஷயத்தில் மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நொடிக்கு 312 எம்பி வரை போகும் யு.எச்.எஸ்.-2 கார்டைப் பழைய யு.எச்.எஸ்.-1 துளையில் செருகினால், அது பேசாமல் 104க்குள் இறங்கி வேலை செய்கிறது. அழிக்கட்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே அந்தப் பெட்டி வந்தால் "இல்லை" என்பதை அழுத்துங்கள். கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். மைக்ரோ கார்டு என்றால் அதன் அடாப்டரில் அந்தப் பூட்டு இருக்கும். பிறகு கார்டைப் படமெடுத்த கேமராவிலேயே போட்டுப் பாருங்கள். படங்கள் அங்கே தெரிந்தால் கார்டு நன்றாக இருக்கிறது. கேமராவை வயர் மூலம் கணினியோடு இணைத்துப் படங்களை இறக்கிக்கொள்ளலாம்.